டார்ச் பிடிக்கும் வேலையை அவனுக்குக் கொடுக்காதீர்கள்

கேள்வி: எனக்கு 47 வயது. மகனுக்கு 16, மகளுக்கு 13. என் அப்பா ஓட்டிய ஜாவா 250 மோட்டார் சைக்கிள், அவர் இறந்த பிறகு ஏழு வருடமாகத் தார்ப்பாய் போட்டு மூடிக் கிடக்கிறது. மகன் இரண்டு வருடமாக என்னிடம் சரியாகப் பேசுவதே இல்லை. எதைக் கேட்டாலும் 'ம்', 'தெரியல', 'சரி', அவ்வளவுதான். கதவைச் சாத்திக்கொண்டு போனும் கையுமாக இருக்கிறான். இரண்டு பேரும் சேர்ந்து வண்டியைச் சரி செய்தால் நெருக்கம் வரும் என்று நினைத்தேன். கேட்டதற்கு 'உங்க இஷ்டம்' என்றான். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு எழுப்பிக் கூட்டிப் போனேன். ஒரு மணி நேரம் டார்ச் பிடித்தான், ஸ்பானர் எடுத்துக் கொடுத்தான். மெதுவாகப் படிப்பைப் பற்றிப் பேச்செடுத்தேன். 'தலை வலிக்குது' என்று போய்விட்டான். அடுத்த வாரம் வரவே இல்லை. மகள்தான் 'நானும் வரட்டுமாப்பா' என்று கேட்டாள். கையெல்லாம் அழுக்காகும், உனக்கு எதுக்கும்மா என்று அனுப்பிவிட்டேன். வண்டி ஓட ஆரம்பித்தால் பையன் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான் என்று என் மனைவிக்குப் பயம். கோபத்தில் நானே தனியாகக் கார்புரேட்டரைக் கழற்றிப் போட்டுவிட்டேன். இதைத் தொடரலாமா, விட்டுவிடலாமா?

பதில்: தொடருங்கள். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்த மாதிரி வேண்டாம்.

முதலில் ஒரு விஷயம். அந்த வண்டி உங்களுக்கு உங்கள் அப்பா. அவர் இறக்கும்போது உங்கள் மகனுக்கு ஒன்பது வயது இருந்திருக்கும். அவனுக்கு அது தாத்தாவா, மூலையில் கிடக்கும் துருப்பிடித்த இரும்பா என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நீங்கள் அவனிடம் அதைக் கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. 'வா, வண்டியைச் சரி பண்ணலாம்' என்றுதான் சொல்லியிருக்கிறீர்கள். பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு இதில் மூக்கு கூர்மை. தன்னைத் திருத்துவதற்காக அப்பா ஏதோ ஏற்பாடு செய்கிறார் என்று அவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். 'உங்க இஷ்டம்' என்று அவன் சொன்னதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. இது உங்கள் ஆசை, என்னுடையது இல்லை என்கிறான். உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறான்.

அதனால் உள்ளதையே நீங்களும் சொல்லுங்கள். 'தாத்தா வண்டி திரும்ப ஓடணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை. தனியா என்னால முடியல. நீ கூட இருந்தா நல்லா இருக்கும்.' இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இதனால் உனக்குப் பொறுப்பு வரும், போனை மறப்பாய் என்று வால் எதுவும் சேர்க்க வேண்டாம். தாத்தாவைப் பற்றி அவனுக்கு என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேளுங்கள். அவன் ஞாபகமும் உங்கள் ஞாபகமும் ஒத்துப்போகாமல் இருக்கலாம். இருக்கட்டும், திருத்தாதீர்கள்.

அடுத்தது டார்ச். ஆலோசனைக்கு வந்த ஒரு பையனிடம், அப்பாவோடு சேர்ந்து வேலை செய்வது பிடிக்குமா என்று ஒரு முறை கேட்டேன். 'சேர்ந்து எங்க செய்யறோம்? அவர் செய்வாரு. நான் டார்ச் பிடிப்பேன். வெளிச்சம் சரியா விழலன்னு திட்டு வாங்குவேன்' என்றான். டார்ச் பிடித்துப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அப்பாவின் முதுகும் தோளும்தான் கண்ணுக்கு முன்னால் இருக்கும். கை எங்கே போகிறது, எந்த போல்ட் கழல்கிறது, எதுவும் தெரியாது. 'இங்க காட்டு, அங்க இல்ல, இங்க' என்ற குரல் மட்டும் வரும். வேலை நன்றாக முடிந்தால் பெருமை அப்பாவுக்கு. முடியாவிட்டால் குற்றம் டார்ச் பிடித்தவனுக்கு. ஒரு மணி நேரம் உங்கள் மகன் தாக்குப்பிடித்ததே பெரிய விஷயம்.

நெற்றியில் மாட்டும் விளக்கு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது கொக்கி வைத்த பல்பு ஒன்றைத் தொங்கவிடுங்கள். அந்த டார்ச் வேலையே இருக்கக் கூடாது.

மனிதர்களுக்கு ஒரு வேலையில் தானாக ஆர்வம் பிறப்பது எதனால் என்று எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற இரண்டு உளவியலாளர்கள் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தார்கள். அவர்கள் சொல்வது மூன்று: முடிவு என் கையில் இருக்க வேண்டும், என்னால் இது முடிகிறது என்று தெரிய வேண்டும், கூட இருப்பவர்களுக்கு நான் வேண்டும் என்று தோன்ற வேண்டும். உங்கள் முதல் ஞாயிறை இந்த மூன்றிலும் வைத்துப் பாருங்கள். எழுந்த நேரத்தில் இருந்து எந்த ஸ்பானர் என்பது வரை முடிவு உங்களுடையது. அவன் கையால் ஒரு நட்டுகூடக் கழலவில்லை. கடைசியில் பேச்சு படிப்புக்குப் போனதும், இவருக்கு வேண்டியது நான் இல்லை, என் மார்க் என்று நினைத்திருப்பான்.

கார்புரேட்டரைக் கழற்றிப் போட்டுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியே இருக்கட்டும், இனி அதைத் தொடாதீர்கள். முழுசாக அவனிடம் கொடுத்துவிடலாம். ஆரம்பிப்பதற்கு அதைவிட நல்ல பாகம் கிடையாது. மேசை மேல் வைத்து உட்கார்ந்தபடி செய்யலாம், அதிக பலம் வேண்டாம், உள்ளே எல்லாமே கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ளக் கூடியவை. ஒரு மிதவை, அது மேலே எழும்பும்போது பெட்ரோலை நிறுத்தும் ஊசி, பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளை போட்ட இரண்டு திருகுகளான மெயின் ஜெட், பைலட் ஜெட், ஆக்சிலேட்டர் முறுக்கும்போது மேலே ஏறும் ஸ்லைடு, அவ்வளவுதான். ஏழு வருடம் கிடந்த பெட்ரோல் ஆவியாகி, பிசின் மாதிரி ஒன்று உள்ளே ஒட்டியிருக்கும். ஜெட்டைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஊசிமுனை அளவு ஓட்டை தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் அடைப்பு. கிளீனர் அடித்து ஊற வைத்து, காற்று அடித்துத்தான் எடுக்க வேண்டும். கம்பி விட்டுக் குத்தினால் ஓட்டை பெரிதாகிவிடும், அப்புறம் வண்டி தேவைக்கு மேல் பெட்ரோல் குடிக்கும். இதை ஒரே ஒரு முறை அவனுக்குச் சொல்லுங்கள், கிளீனர் அடிக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளவும் சொல்லுங்கள். பிறகு எழுந்து போய்ப் பின் சக்கரத்தைப் பாருங்கள்.

எழுந்து போவதுதான் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். அவன் மிதவையைத் தலைகீழாக மாட்டுவான். மூடிக்கு நடுவில் வைக்கும் பேக்கிங்கை மறப்பான். உங்களுக்குக் கை பரபரக்கும். விடுங்கள். கார்புரேட்டரைப் பொருத்தி பெட்ரோல் குழாயைத் திறந்ததும் ஓவர்ஃப்ளோ ஆகி ஒழுக ஆரம்பிக்கும். வண்டியே அவனுக்குச் சொல்லிவிடும். குழாயை மூடிவிட்டு மறுபடி கழற்றுவான். 'நான்தான் அப்பவே நினைச்சேன்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஏன் ஒழுகுது என்று அவன் கேட்டால் பதில் சொல்லுங்கள். கேட்காவிட்டால் தேடட்டும். இரண்டாவது முறை ஒழுகாமல் நிற்கும்போது அவன் முகத்தைப் பாருங்கள், அப்போதும் பெரிதாகப் பாராட்ட வேண்டாம். 'சரி, நின்னுருச்சு' என்பதே போதும்.

எதை அவனிடம் விடலாம், எதை விடக்கூடாது என்பதற்கு நான் பெற்றோர்களிடம் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. தப்பாகப் போனால் திருப்பிச் செய்யக் கூடியது எல்லாம் பிள்ளைகளுடையது. உயிருக்கு ஆபத்தானதும், ஒரு தடவை போனால் போனதுதான் என்பதும் உங்களுடையது. கார்புரேட்டர், சீட், கேபிள்கள், ஒயரிங், பெயின்ட், டேங்க் துரு எடுப்பது எல்லாம் முதல் வகை. பிரேக், சக்கர அச்சு, ஸ்டீயரிங், வண்டியின் சட்டத்தில் (ஃபிரேமில்) வெட்டுவது ஒட்டுவது எல்லாம் இரண்டாவது வகை. இரண்டாவது வகையில் அவனும் வேலை செய்யலாம், ஆனால் கடைசியாக அனுபவமுள்ள ஒரு மெக்கானிக் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் வண்டி நகர வேண்டும். இதை முதல் நாளே சொல்லிவிட்டால் பின்னால் சண்டை வராது.

பெயின்டில் ஒரு சிக்கல் வரும், இப்போதே தயாராகிக்கொள்ளுங்கள். உங்களுக்கு வண்டி அப்பா வைத்திருந்த மாதிரியே, அதே நிறத்தில், டேங்கின் பக்கவாட்டு குரோமியம் பளபளக்க நிற்க வேண்டும். அவன் ஒரு நாள் 'மேட் பிளாக் அடிச்சா சூப்பரா இருக்கும்' என்பான். உங்களுக்குச் சுருக்கென்று இருக்கும். ஆனால் பெயின்ட் முதல் வகை. என்னைக் கேட்டால் விட்டுக்கொடுங்கள் என்பேன். குரோமியத்தின் மேல் மட்டும் அடிக்காமல் விடச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள், பத்து வருடம் கழித்து பழைய நிறத்தைத் திரும்ப அடித்துக்கொள்ளலாம். உங்களால் அது முடியவே முடியாது என்றால் அதையும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள்: 'நிறம் மட்டும் தாத்தா வச்ச மாதிரியே இருக்கணும்டா, மத்தது எல்லாம் உன் விருப்பம்.' பிள்ளைகள் இதை ஏற்றுக்கொள்வார்கள். 'உன் இஷ்டம்' என்று சொல்லிவிட்டு, அவன் தேர்ந்தெடுத்த பிறகு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதைத்தான் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள்.

காலை ஏழு மணியை விட்டுவிடுங்கள். பருவ வயதில் உடலின் கடிகாரமே தள்ளிப் போகிறது. தூக்கத்தை வரவழைக்கும் மெலட்டோனின் அவர்களுக்கு இரவில் தாமதமாகத்தான் சுரக்க ஆரம்பிக்கும். காலை ஏழு மணி அவன் உடம்புக்கு நடுத்தூக்கம். சாயங்காலம் நான்கு மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள், இன்னும் நல்லது, நேரத்தை அவனையே சொல்லச் சொல்லுங்கள். இரண்டு மணி நேரத்தோடு முடித்துவிடுங்கள். வேலை சூடு பிடித்திருக்கும்போது நிறுத்தினால் அடுத்த வாரம் வருவதற்கு ஒரு காரணம் மிச்சம் இருக்கும்.

கார்புரேட்டர் அவனுடைய தனி வேலை. வண்டியில் சேர்ந்து செய்யும் முதல் வேலையாக எதை எடுப்பது? முறைப்படி பார்த்தால் முழு வண்டியையும் பிரித்து, கழுவி, துரு எடுத்து, பிறகுதான் எஞ்சினுக்கு வர வேண்டும். அப்படிப் போனால் மூன்று மாதம் கழித்தும் கண்ணில் பட எதுவும் இருக்காது, பையன் இரண்டாவது வாரத்திலேயே காணாமல் போவான். பெட்ரோலைப் பற்ற வைக்கும் தீப்பொறியில் இருந்து ஆரம்பியுங்கள். அதற்கு முன்னால் ஒன்று மட்டும் பார்க்க வேண்டும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டை வழியாகக் கொஞ்சம் எண்ணெய் விட்டு ஊற வைத்து, கிக்கரை மெதுவாகக் கையால் நகர்த்திப் பாருங்கள். எஞ்சின் சுற்றுகிறதா, இறுகிக் கிடக்கிறதா என்று தெரிந்துவிடும். இறுகியிருந்தால் பலத்தைக் காட்ட வேண்டாம், ஊற விட்டுச் சில நாள் பொறுக்க வேண்டியதுதான். சுற்றினால் அடுத்தது பிளக். உங்கள் வண்டியில் 6 வோல்ட் பேட்டரி, காயில், பாயிண்ட் (மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் சின்ன உலோக முகங்கள்) என்ற பழைய ஏற்பாடுதான் இருக்கும். ஏழு வருடத்துப் பேட்டரி செத்திருக்கும், புதிது வேண்டும். பாயிண்ட் முகங்களில் கறுப்புப் படிந்திருக்கும், மெல்லிய எமரித் தாளால் துடைத்துவிட்டு, ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை வைத்து இடைவெளியைப் பார்க்க வேண்டும். இந்த மாதிரிப் பழைய வண்டிகளில் அது 0.4 மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும், உங்கள் வண்டியின் மேனுவலில் உள்ளதே சரி. பிறகு பிளக்கை அதன் மூடியில் மாட்டி, அதன் உலோக உடம்பை எஞ்சின் மேல் படும்படி வைத்து, சாவியைத் திருப்பிவிட்டுக் கிக்கரை மிதிக்க வேண்டும். பெட்ரோல் வாடை அடிக்கும் இடத்தில் இதைச் செய்யக் கூடாது, பிளக் கழற்றிய ஓட்டைக்கும் தள்ளித்தான் வைக்க வேண்டும். விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் பிளக் நுனியில் 'டிக்' என்று நீலமாக ஒரு பொறி அடிக்கும்.

ஏழு வருடம் செத்துக் கிடந்த வண்டியில் அதைப் பார்க்கும்போது எந்த வயதுக்காரருக்கும் 'இன்னொரு தடவை மிதிங்க' என்றுதான் வாய் வரும். அந்த ஒரு மாலை போதும், அடுத்த வாரம் வருவானா என்ற உங்கள் கவலை பாதியாகக் குறைந்துவிடும்.

போனைப் பற்றி ஒரு வார்த்தை. ஷெட்டுக்குள் போன் கூடாது என்று சட்டம் போட்டுவிடாதீர்கள். பிரிக்கும் வேலையில் போனைவிட உபயோகமான கருவி இல்லை. ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் ஒரு படம், கழற்றிய பின் ஒரு படம், எந்த ஒயர் எங்கே போகிறது என்று நெருக்கத்தில் ஒரு படம். இந்தப் பொறுப்பு முழுக்க அவனுடையதாக இருக்கட்டும். ஆறு மாதம் கழித்து 'இந்த வாஷர் எந்தப் பக்கம்டா?' என்று நீங்கள் அவனைக் கேட்க வேண்டி வரும். அப்பா மகனைக் கேட்கிறார், மகன் தேடிப் பார்த்துச் சொல்கிறான். இந்தத் தலைமுறையில் அப்பாக்களுக்குக் கிடைத்திருக்கும் நல்ல வாய்ப்பு அது.

இப்போது பேச்சு. உங்களுக்கு வேண்டியது அதுதான் என்று தெரிகிறது, இருந்தாலும் அதைத் தேடிப் போகாதீர்கள். பருவ வயதுப் பிள்ளைகள் எதிரெதிரே உட்கார்ந்து கண்ணைப் பார்த்துப் பேசச் சொன்னால் சுருங்கிப்போவார்கள். இரண்டு பேர் கண்ணும் ஒரு போல்ட்டின் மேல் இருக்கும்போது தானாகவே வாய் திறப்பார்கள். ஆனால் வண்டியைச் சாக்காக வைத்து அப்பா விசாரணை நடத்துகிறார் என்று ஒரு தடவை தெரிந்துவிட்டால் ஷெட்டும் அவனுக்கு இன்னொரு பரீட்சை அறை ஆகிவிடும். முதல் இரண்டு மூன்று மாதம் படிப்பு, நண்பர்கள், எதிர்காலம் இவற்றை நீங்களாக எடுக்கவே கூடாது. வண்டியைப் பற்றி மட்டும் பேசுங்கள். பேச்சு இல்லாமல் போனாலும் பரவாயில்லை, ஒன்றாகச் செயினைக் கழுவிக்கொண்டு அரை மணி நேரம் பேசாமல் இருப்பதும் கூட இருப்பதுதான்.

ஒரு நாள் வரும். பேரிங்கில் கிரீஸ் அடைத்துக்கொண்டிருக்கும்போது, தலையைத் தூக்காமலே, 'அப்பா, நீங்க எப்பவாவது ஃபெயில் ஆகியிருக்கீங்களா?' என்பான். அல்லது ஒரு நண்பன் பேசாமல் போய்விட்டதைச் சொல்வான். அப்போது கையில் இருப்பதைப் போட்டுவிட்டு அவன் பக்கம் திரும்பாதீர்கள். கிரீஸ் அடைப்பதை நிறுத்தாதீர்கள். கேட்டதற்கு மட்டும், உள்ளபடி, சின்னதாகப் பதில் சொல்லுங்கள். அவன் விட்ட இடத்தில் நீங்களும் விட்டுவிடுங்கள். முக்கியமாக, அன்று இரவே எல்லோர் முன்னாலும் 'இவன் இன்னைக்கு என்கிட்ட மனசு விட்டுப் பேசினான்' என்று சொல்லிவிடாதீர்கள். நிறைய அப்பாக்கள் சந்தோஷத்தில் செய்யும் காரியம் இது. பிள்ளை மறுபடி கதவைச் சாத்திக்கொள்ள இது ஒன்றே போதும்.

போல்ட் உடையும். மரை தேயும். பழைய வண்டியில் இது நடக்காமல் இருக்காது. சைலன்சர் கழற்றும்போது போல்ட் ஒன்று முறிந்து உள்ளேயே நின்றுவிட்டால், யார் கையால் முறிந்தது என்பதைவிட, முறிந்ததும் அப்பா என்ன செய்கிறார் என்பதைத்தான் அவன் பார்ப்பான். உங்கள் கையால் முறிந்தாலும் அவன் கையால் முறிந்தாலும் ஒரே குரலில் 'சரி, உடைஞ்சிருச்சு. எப்படி எடுக்கலாம்?' என்று கேட்க முடிந்தால், நாளைக்கு வேறு ஏதாவது உடைந்தாலும் உங்களிடம் வந்து சொல்வான்.

உங்கள் மகளைப் பற்றி ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. வீட்டில் ஒரு பிள்ளை தானாக வந்து 'நானும் வரட்டுமா' என்று கேட்டிருக்கிறாள், அவளைத் திருப்பி அனுப்பிவிட்டு, வரமாட்டேன் என்பவனை எழுப்பிக் கூட்டிப் போயிருக்கிறீர்கள். அழுக்கு கழுவினால் போய்விடும். பெண் பிள்ளைக்கு எதற்கு மெக்கானிக் வேலை என்ற எண்ணம் மனதில் ஓரமாக இருந்தால், தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள். இன்றே கூப்பிட்டு, 'அன்னைக்கு வேண்டாம்னு சொன்னது தப்பும்மா, வர்றியா?' என்று கேளுங்கள். பதின்மூன்று வயது என்பது கதவு இன்னும் திறந்திருக்கும் வயது, நீண்ட நாள் அப்படியே இருக்காது.

ஆனால் அவளை அண்ணனுக்கு எடுபிடி ஆக்கிவிடாதீர்கள், அண்ணனைவிட அவள் நன்றாகச் செய்கிறாள் என்று ஒப்பிடவும் வேண்டாம். அவளுக்குத் தனியாக ஒரு பாகம் வேண்டும். டேங்க் கொடுக்கலாம். துரு எடுப்பது ஒரு சின்ன ரசாயனப் பாடம். சிட்ரிக் அமிலக் கரைசலை நிரப்பி ஓர் இரவு ஊற வைத்துக் கொட்டினால் துரு பழுப்புத் தண்ணீராக வரும். உடனே சமையல் சோடா கலந்த தண்ணீரால் அமிலத்தை முறித்து, அலசி, தாமதிக்காமல் உலர்த்தி உள்ளே எண்ணெய் சுழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் கண் முன்னாலேயே புதுத் துரு ஏறும். கையுறை, கண்ணாடி கட்டாயம். டேங்கில் ஓட்டை இருந்தால் வீட்டில் வெல்டிங் வைத்து அடைக்கிற யோசனையே வேண்டாம். காலி டேங்க்தானே என்பார்கள், உள்ளே தங்கியிருக்கும் பெட்ரோல் ஆவிதான் வெடிக்கும்.

ஆபத்தைப் பற்றி எழுதும்போதே மற்றதையும் சொல்லிவிடுகிறேன். பழைய பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு உண்டு. டிரம்மில் இருக்கும் தூசியை ஊதக் கூடாது, காற்றும் அடிக்கக் கூடாது. ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போட்டுவிடுங்கள். மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓட விடக் கூடாது, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. எஞ்சின் ஓடும்போது கையில் துணியோடு செயினைத் தொடவே கூடாது, துணியைச் செயின் இழுத்தால் விரலும் கூடவே ஸ்ப்ராக்கெட்டுக்குள் போகும். இந்த ஒன்றில் மட்டும் நீங்கள் கண்டிப்பாக, குரலை உயர்த்தியே சொல்லலாம். பிள்ளைகள் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

உங்கள் மனைவியின் பயம் நியாயமானது. 2005-ல் மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் என்ற இரண்டு ஆய்வாளர்கள், 306 பேரை வைத்து கார் ஓட்டும் கணினி விளையாட்டு ஒன்றை நடத்தினார்கள். சிலர் தனியாக ஆடினார்கள், சிலர் சம வயது நண்பர்கள் பக்கத்தில் இருக்க ஆடினார்கள். நண்பர்கள் கூட இருந்தபோது பருவ வயதினர் தனியாக ஆடியவர்களைவிட அதிகமாக ஆபத்தில் இறங்கினார்கள். 24 வயதைத் தாண்டியவர்களிடம் அந்த அளவு மாற்றம் தெரியவில்லை. அதாவது நல்ல பையன், சொன்னால் கேட்பான் என்பது தனியாக இருக்கும்போது சரி. நான்கு நண்பர்கள் வாசலில் நின்று 'ஒரு ரவுண்டு காட்டுடா' என்றால் அதே பையன் வேறு.

அதனால் 'வண்டி ஓடினா உனக்குத்தான்' என்ற வார்த்தையை உற்சாகத்தில்கூட விட்டுவிடாதீர்கள். எஞ்சின் முதல் தடவை ஸ்டார்ட் ஆவதற்கு முன்பே, நீங்கள் நான்கு பேரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள்: உரிமம் எடுக்கும் வயது வரும்வரை தெருவில் ஓட்டக் கூடாது, ஹெல்மெட் இல்லாமல் யாரும் ஏறக் கூடாது, அப்பா உட்பட. சாவி அம்மாவிடம். உங்கள் மனைவியைப் பயப்படுகிறவர் என்று ஒதுக்காமல் முடிவில் பங்கு கொடுத்தால், அவருக்கும் இது உங்கள் வீட்டு வண்டி ஆகும். வண்டியின் பத்திரங்கள் யார் பெயரில், எந்த நிலையில் இருக்கின்றன என்பதையும் செலவு செய்வதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். இன்னொரு சௌகரியம், ஜாவாவைப் பழக்கமில்லாத யாரும் சட்டென்று எடுத்துப் போய்விட முடியாது. கிக்கரும் கியரும் ஒரே லீவர். உள்பக்கமாக அழுத்திப் பின்னால் திருப்பினால் கிக்கர், பழைய இடத்துக்கு வந்துவிட்டால் கியர். டூ ஸ்ட்ரோக் என்பதால் பெட்ரோலில் எண்ணெய் கலந்துதான் ஊற்ற வேண்டும். மேனுவலில் 1:25 என்று இருந்தால் லிட்டருக்கு 40 மில்லி. அந்தக் கணக்கு போட்டு அளந்து கலக்கும் வேலை பிள்ளைகளுடையதாக இருக்கட்டும்.

இது மாதக் கணக்கில் ஆகும். சிலிண்டர் போர் போட லேத்துக்குப் போனால் அங்கே காத்திருக்க வேண்டும், ஒரு பாகத்துக்கு அலைய வேண்டும். நடுவில் பரீட்சை வரும், மகனுக்கு மூன்று வாரம் ஆர்வமே இருக்காது. துரத்தாதீர்கள். அவனுடைய பாகத்தை மட்டும் அவன் வரும்வரை யாரும் தொடாமல் அப்படியே வையுங்கள். தாமதம் ஆகிறதே என்று ஒரு ராத்திரி நீங்களே உட்கார்ந்து முடித்துவிட்டால், நீ இல்லாமலும் இது நடக்கும் என்று அவனுக்குச் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

கடைசிவரை வராமலும் போகலாம். அவனுக்கு வண்டி பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லைதான், நீங்களும் மகளும் செய்யுங்கள். அப்படியானால் அவன் போனில் என்ன பார்க்கிறான், என்ன விளையாடுகிறான் என்று பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளும் வேலை உங்களுக்கு இருக்கிறது, அங்கே அவன் குரு, நீங்கள் மாணவர். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். உங்களிடம் மட்டும் பேசாமல் இருப்பது வேறு, எல்லோரிடமும் பேசாமல் போவது வேறு. முன்பு பிடித்தவை எதுவும் பிடிக்காமல் போவது, நண்பர்களையும் விடுவது, தூக்கமும் சாப்பாடும் மாறிப்போவது, வாழ்வதில் அர்த்தமில்லை என்ற மாதிரிப் பேச்சு, இவை வாரக் கணக்கில் தொடர்ந்தால் வண்டியை நம்பிக் காத்திருக்க வேண்டாம். மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ உடனே பாருங்கள். உயிரை விடுவது பற்றிப் பேசினால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அப்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை. இந்த வாரம் மகளிடம் பேசுங்கள், பேட்டரி வாங்கி வையுங்கள், மேனுவலைத் தேடிப் பிடியுங்கள். கார்புரேட்டர் பாகங்களை ஒரு தட்டில் எடுத்து, கூடவே ஒரு கிளீனர் டப்பாவையும் வைத்து, 'இதைத் திரும்பச் சேர்க்க எனக்கு வரலடா, உன்னால முடியுதான்னு பாரேன்' என்று மகனின் மேசையில் வைத்துவிட்டு வாருங்கள். எப்போது முடியும் என்று கேட்காதீர்கள். ஒரு மாதம் கழித்து எப்படிப் போகிறது என்று எனக்கு எழுதுங்கள்.